முதலாளி கூடத்தில் எல்லாரும் சௌக்கியம்

அன்புள்ள சுமதிக்கு,

ஒருவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்லும்போது அதில் எவ்வளவு வலி, எவ்வளவு பயம் என்று எப்படிப் பிரித்தறிவது எனக் கேட்டு எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாது. ஒரு குவளையில் உப்பும் மணலும் கலந்திருந்தால் பிரித்துக் காட்டுவேன். ஆரணிப் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமாக அதைக் காட்டித்தான் சம்பளம் வாங்குகிறேன். வலியையும் பயத்தையும் பிரிக்கும் வழியை நான் படித்த எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிரிக்க முடியுமா என்பதே சந்தேகம். அந்தக் கேள்வியோடு நீ நிறுத்தியிருந்தால் 'தெரியாது' என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டிருப்பேன். நீ நிறுத்தவில்லை. "நம் நோயாளிகளுக்குத் தங்கள் கதையைச் சொல்லவே தெரியவில்லை அம்மா, ஒன்று கேட்டால் ஒன்று சொல்கிறார்கள்" என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறாய். டாக்டருக்குப் படித்து, அடுத்த மாதம் சென்னையில் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய் நோயாளிகளின் கதையைக் கேட்டு எழுதப் போகிறவள் நீ. இந்த வரியை மனதில் வைத்துக்கொண்டு அங்கே போகாதே. சனிக்கிழமை மத்தியானம் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குப் புரியும்.

நீ பிளஸ் ஒன் படித்தபோது என்னை டாக்டரிடம் காட்ட மூவருமாக வேலூருக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. அப்போது எனக்கு மாதக்கணக்காக உதிரப்போக்கு நிற்கவில்லை. கரும்பலகையில் எழுதும்போதே கண் இருட்டிக்கொண்டு வரும். டாக்டர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு உன் அப்பாவின் பக்கம் திரும்பி, "பீரியட்ஸ் எல்லாம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டார். என்னை அல்ல, அவரை. களம்பூர் ரைஸ் மில்லில் கணக்கு எழுதும் உன் அப்பா, நெல்லில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டால் எவ்வளவு தைரியமாகச் சொல்வாரோ அவ்வளவு தைரியமாக, "அதெல்லாம் நார்மல் சார். டயத்துக்கு சாப்புட மாட்டேங்கறாங்க, அதான் பேஜாரு" என்றார். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். சத்து டானிக் ஒரு பாட்டில். திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன்: "ஏங்க, எனக்கு ஒழுங்கா வருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "வரலன்னா நீ சொல்லியிருப்ப இல்ல?"

சிரிக்காதே. அவர் நல்ல மனிதர், அந்த டாக்டரும் கெட்டிக்காரர்தான். அடுத்த தடவை நான் மட்டும் போனேன். "கூட யாரும் வரலியாம்மா?" என்றார். "வரல டாக்டர். வியாதி எனக்குத்தான்" என்றேன். அன்றைக்குத்தான் அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், நான் சொன்னேன், கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது, ஆபரேஷன் நடந்தது. இடையில் வீணான மாதங்களில் நான் பிழைத்தது தற்செயல். எம்.எஸ்ஸி. படித்த எனக்குச் சொல்லத் தெரியாமலா இருந்தது? அந்த அறையில் என் பக்கம் ஒரு கேள்விகூடத் திரும்பவில்லை. படித்த என் கதி இது என்றால், எட்டாவதோடு நின்றுபோன பவுனின் கதியை நினைத்துப் பார்.

பவுனை உனக்குத் தெரியும். என்னிடம் படித்தவள், நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது நம் வீட்டுக்கு வந்து உனக்குப் பின்னல் போட்டுவிடுவாள். முள்ளிப்பட்டில் ஏழுமலைக்கு வாழ்க்கைப்பட்டு, அவனோடு சேர்ந்து தறி நெய்கிறாள். போன மாதம் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து, பட்டு நெசவாளர்களின் உடல்நிலையை ஆராய்ச்சி செய்ய முள்ளிப்பட்டுக்கு ஒரு குழு வந்தது. கேள்விகளெல்லாம் இங்கிலீஷில் இருந்தன. வந்தவர்களில் பாதிப் பேருக்கு நம் ஊர்ப் பேச்சு புரியாது. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை உதவிக்கு அனுப்பினார்.

கேள்வி கேட்க இடம் எங்கே போட்டார்கள் தெரியுமா? முதலாளி வீட்டுக் கூடத்தில். அந்த ஊரில் தறிதான் நெய்கிறவர்களுடையது, பட்டு முதலாளியுடையது. அவர் பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் பட்டு நூல், கொடுப்பார். இவர்கள் தறியில் ஏற்றி நெய்து, புடவையாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள். அவர் பாவு கொடுக்காவிட்டால் தறி சும்மா கிடக்கும். அவர் கூடத்தில் ஃபேன் இருக்கிறது, மேஜை நாற்காலி இருக்கிறது. டாக்டர்களுக்கு வசதி. அவரும் குறை வைக்கவில்லை. எல்லாருக்கும் காப்பி கொடுத்தார், ஆள் அனுப்பி ஊரைக் கூட்டினார், கடைசியில் ஈஸிசேரை மேஜைக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுச் சாய்ந்துகொண்டார். நான் கேள்விகளைத் தமிழில் கேட்டேன். "இருமல் இருக்குதா?" "இல்லீங்க." "சாயங்காலத்துல ஜுரம் வருதா?" "இல்லீங்க." "மூச்சு வாங்குதா?" அந்தக் கேள்விக்கு முதலாளியே பதில் சொன்னார். "நாளெல்லாம் தறி மிதிக்கிறவனுக்கு மூச்சு வாங்காம வேற என்னா சார் பண்ணும்?" எல்லாரும் சிரித்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரும் சிரித்தார்.

பவுனு வந்து நின்றபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. ரவிக்கை தோளில் தொங்கியது. வரிசையில் நின்ற ஒருத்தி, "இன்னா பவுனு, எளைச்சிக்கினே போற?" என்றாள். ஈஸிசேரிலிருந்து குரல் வந்தது: "அவளுக்கென்னா, கல்லு மாதிரி இருக்கா. இல்லம்மா?" பவுனு சொன்னாள்: "ஆமாங்க மொதலாளி." இருமல் இல்லை, ஜுரம் இல்லை, ஒன்றும் இல்லை. சொல்லி முடித்ததும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். கிணற்றடியிலிருந்து அந்த இருமல் கூடம் முழுக்கக் கேட்டது. இளம் டாக்டருக்கும் கேட்டது. அவர் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். சாயங்காலம் காகிதங்களைக் கட்டிக்கொண்டே, "ரொம்ப ஹெல்தியான ஊரு மேடம்" என்றார் சந்தோஷமாக. "இந்தக் கூடத்துல கேட்டா எல்லாரும் சௌக்கியமாத்தான் இருப்பாங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. "அவங்களே சொல்லலன்னா நாங்க என்ன மேடம் பண்றது?"

உன் கடிதத்தில் இருப்பதும் அதே வரிதான், சுமதி. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர்கள் ஏன் சொல்வதில்லை என்று ஊரில் கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். முகூர்த்தப் புடவை நெய்கிற வீட்டில் காசநோய் இருந்தது என்று தெரிந்தால் கல்யாண வீட்டார் அந்தப் புடவையைத் தொட மாட்டார்களாம். அதனால் இருமல் என்று பேச்சு கிளம்பினாலே முதலாளியின் ஆள் வருவான். தறியில் பாதி நெய்தபடி இருக்கும் பாவை அறுத்துச் சுருட்டி எடுத்துப்போய் வேறு வீட்டில் கொடுத்துவிடுவான். உடம்பு தேறினாலும் அந்த வீட்டுக்குப் பாவு திரும்பி வருவது சந்தேகம். அப்படிப் பாவு அறுக்கிறவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பெண் தன் இருமலைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் உன் கூட்டத்தார். பவுனு சொன்னது பொய்தான்; அதை உண்மை என்று வாதாட மாட்டேன். அந்தப் பொய்யை மேஜை போட்டுக் கேட்டு வாங்கியது யார் என்பதுதான் என் கேள்வி. இனி அது அச்சில் ஏறும். பட்டு நெசவாளர்களுக்கு நெஞ்சு நோய் குறைவு என்று ஒருவர் எழுதுவார். இன்னொருவர் அதைப் பார்த்து, இந்தப் பக்கம் மருந்து அதிகம் தேவையில்லை என்பார்.

நாலு நாள் முன்பு பவுனு நம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டால் வரவில்லை; கதவோரமாகத் தள்ளி உட்கார்ந்தாள். அப்படித் தள்ளி உட்கார்ந்ததிலேயே பாதிக் கதை தெரிந்துவிட்டது. ஆரணி ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போயிருக்கிறாள், ஏழுமலையோடு. எத்தனை நாளாக இருமல் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "இந்தப் பாவு ஏத்துனதுலேருந்துங்க" என்றிருக்கிறாள். ஒரு பாவில் பல புடவை நெய்யலாம். தீர மாதக்கணக்கில் ஆகும். அவள் காலத்தைச் சரியாகத்தான் சொன்னாள். "பாவு கீவுன்னு எல்லாம் சொல்லாத, நாள் சொல்லும்மா" என்று டாக்டர் சத்தம் போட, ஏழுமலை முந்திக்கொண்டான்: "நாலஞ்சு நாளாதான் சார், வெறும் சளி." இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்று கேட்டால் ஒன்று சொல்கிறார்கள் என்று எழுதினாயே, அவள் வேறெதையும் சொல்லவில்லை. கேட்டவருக்கு அவள் நாள்காட்டி தெரியவில்லை. நீ போகிற ஊரில் விதைப்பு இருக்கும், திருவிழா இருக்கும், பிள்ளை தவழ ஆரம்பித்த மாதம் இருக்கும். 'எத்தனை நாள்' என்று அதட்டுவதற்குப் பதில், அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுப் பார்.

அன்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க முயன்றேன். எனக்கு யார் வீட்டு விஷயத்திலும் தலையிடுவது பிடிக்காது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன், "நான்தான் டாக்டர்னு வச்சிக்கோ. என்கிட்ட சொல்லு." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். "எங்க மாமியாக்கு வருஷ தெவசம் குடுத்தமே, அன்னிக்கு மழைல நனைஞ்சிக்கினு தண்ணி தூக்கனேன் டீச்சர்..." "டாக்டர் எழுந்து போயிருப்பார்" என்றேன். "அதுக்குள்ளியுமா? இன்னும் சமையலே ஆவலியே!" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் ஆயிற்று. "பின்ன மொதல்ல எதச் சொல்றது?" "எதுக்கு ரொம்ப பயப்படறியோ, அத." "பாவ அறுத்துக்கினு பூடுவாங்கன்னுதான் பயம்." "அது சரி. உடம்புல எதுக்குப் பயம்?" வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, "சளியில செவப்பா வருது டீச்சர். வூட்டுக்காரராண்ட கூட சொல்லல" என்றாள். அதுதான் முதலில் சொல்ல வேண்டிய வரி. அது வெளியே வர, மாமியார் தெவசம், மழை, தண்ணீர்க்குடம், சிரிப்பு எல்லாம் வேண்டியிருந்தது. நீ கேட்கும்போது அந்தத் தெவசத்துக்கும் இடம் கொடு. அவள் பேசும்போது எழுதாதே. பேசி முடித்த பிறகு எழுதி, எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டு. எழுதினது அவளுடையதுதானா என்று அவள்தான் சொல்ல வேண்டும். 'இதைச் சொன்னால் உனக்கு என்ன நஷ்டம்?' என்றும் அவளிடம் கேள். எந்தக் கேள்வித்தாளிலும் இல்லாத கேள்வி அது.

இன்னொன்றும் உண்டு. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், எழுபதுகளில், முள்ளிப்பட்டுக்கு வேறொரு குழு வந்து எல்லாருக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனது. அதன் முடிவை யாரும் வந்து சொல்லவில்லை. இப்போதும் அங்கே ஒரு கிழவர் என்னைப் பார்த்தால், "எங்க ரத்தம் இன்னா ஆச்சு டீச்சர், மெட்ராஸ்ல நல்லா கீதா?" என்று விசாரிப்பார். வாங்கிப் போகிறவர்கள் திரும்பி வந்து சொல்ல வேண்டும். அதுகூடச் செய்யாதவர்களுக்கு ஒருவர் தன் கதையை எதற்காகக் கொடுக்க வேண்டும்?

அந்தக் குழு நாளை மறுபடி முள்ளிப்பட்டுக்கு வருகிறது. அதன் தலைவர் நேற்று ஆரணிக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். கூடம் வேண்டாம், ஊர்ப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வையுங்கள், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் கேளுங்கள், கூட வருகிறவர் வெளியே நிற்கட்டும் என்றேன். "முதலாளி கோச்சுக்குவாரே மேடம், அவர்தானே ஆளுங்களைக் கூட்டித் தந்தார்" என்று இழுத்தார். "உங்க டீன் பக்கத்துல உக்காந்திருந்தா உங்க காலேஜைப் பத்தி என்கிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன். "எல்லாரும் சௌக்கியம்னு சொல்லுவேன்" என்றார். ஒத்துக்கொண்டார்.

ஏழுமலை ஒத்துக்கொள்ளவில்லை. இன்று காலை போய்ச் சொன்னபோது தறிக்குழியிலிருந்து எழுந்திருக்காமலே பதில் சொன்னான். "நீங்க சொல்லிட்டு ஜல்தியா பஸ் ஏறி பூடுவீங்க டீச்சர். பாவ அறுத்துட்டா எங்களுக்கு யாரு?" அவன் சொன்னபடியே நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். உன் அப்பா, "ஊர் வம்பெல்லாம் உனக்கு எதுக்கு?" என்கிறார். பவுனு நாளைக்கு வருவாளா, வந்தாலும் வாயைத் திறப்பாளா தெரியாது. சொல்லாவிட்டால் அவள் பிழைப்பது கஷ்டம். சொன்னால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். இப்படி ஒரு நிலையில் அவளை நிறுத்திவிட்டு, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று நீ எழுதக் கூடாது.

திங்கட்கிழமை, ஸ்டாஃப் ரூமில்.

இதைச் சனிக்கிழமையே தபாலில் சேர்க்கவில்லை. நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. இளம் டாக்டர் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். முதலாளி கூப்பிடாமலே வந்து வாசல் மரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டார். அவரை உள்ளே வர விடவில்லை. முதலில் போனவர்கள் போன வேகத்தில் திரும்பினார்கள். பவுனு தனியாக வந்தாள். கதவைச் சாத்தினார்கள். வெகுநேரம் அது திறக்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் கதவையே எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவள் வெளியே வந்ததும் முதலாளி கேட்டார், "இன்னாம்மா பவுனு, இத்தினி நேரம்?" அவள் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இருமலுங்க மொதலாளி. இந்தப் பாவு ஏத்துனதுலேருந்து. ரத்தம் வருது. சளி குடுத்துட்டு வரேன்." அவளுக்கு அடுத்து நின்றவள் எதிர்வீட்டு அஞ்சலை. கூட எழுந்த புருஷனிடம், "நீ இங்கியே குந்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளும் சீக்கிரம் வரவில்லை. அதற்குப் பிறகு யாருமே சீக்கிரம் வரவில்லை. மத்தியானத்துக்குள் டாக்டர் கொண்டுவந்த சளி டப்பாக்கள் தீர்ந்துபோயின.

மறுநாள் காலைச் சளியையும் கொண்டுவரச் சொல்லி பவுனுக்கு ஒரு டப்பா கொடுத்திருந்தார்கள். அதை எப்படி எடுப்பது என்று சொல்லச் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். நான் இருக்கும்போதே முதலாளியின் ஆள் சைக்கிளில் வந்தான். பாவை அறுத்து வரச் சொன்னார் என்றான். பவுனு சுவரோரமாக நகர்ந்துகொண்டாள். ஏழுமலை குழியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தான். நேற்று முன்தினம் என்னைத் திட்டி அனுப்பிய அதே ஏழுமலை. "அறுத்துக்கினு போ. அப்டியே எதிர் வூட்லயும் அறு, பக்கத்து வூட்லயும் அறு. எல்லாரும்தான் கதவ சாத்திக்கினு பேசிக்கினு வந்தாங்க. யாரு இன்னா சொன்னாங்கன்னு உங்க மொதலாளிக்குத் தெரியுமா?" எதிர்வீட்டிலிருந்து அஞ்சலை கத்தினாள், "எங்க வூட்ல மொதல்ல அறுப்பா! நானும் சொன்னேன் டாக்டராண்ட. முகூர்த்தத்துக்கு உங்க மொதலாளியே குந்தி நெய்யட்டும்!" தெருவில் சிலர் சிரித்தார்கள். முதலாளியின் ஆள், பாவு அறுக்க எடுத்த கத்தியை மடித்துப் பையில் வைத்தான். தண்ணீர் கேட்டான். பவுனு சொம்பை எடுக்கப் போய், எடுக்காமல் ஏழுமலையைப் பார்த்தாள். ஏழுமலை கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டு, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி அந்த ஆள் கிளம்பினான். இருட்டும்வரை அங்கே இருந்தேன். அவன் திரும்பி வரவில்லை.

அம்மா